நாற்பதைக் கடந்த கண்ணும் பல்குவிய ஒட்டுவில்லையும்



திருவண்ணாமலையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியுள்ள கடிதத்தில் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. அவருக்கு வயது 46. சிறு வயது முதலே கிட்டப்பார்வையுடையவர். கல்லூரி நாளிலிருந்து காண்டாக்ட் லென்ஸ் அணிந்து பழகியவர். கடந்த ஓராண்டாக விடைத்தாள்களைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்துத் தெளிகிறதாம். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கச் சென்று நின்றால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றனவாம். "மல்டிஃபோகல் லென்ஸ் போட்டுக்கொண்டால் தூரமும் கிட்டமும் இளமையில் தெரிந்ததுபோலவே தெரியும் என்று கடையில் சொல்கிறார்கள். கண்ணின் பழைய சக்தி உண்மையிலேயே திரும்பி வந்துவிடுமா? வருமென்றால் செலவைப் பாராமல் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்" என்கிறார். இரண்டாம் வினா அவருடைய தங்கை மகனைப் பற்றியது. 9 வயதுச் சிறுவனுக்கும் இதே வகை லென்ஸைப் பரிந்துரைத்திருக்கிறார்களாம். கிழவர்களுக்குரியது குழந்தைக்கு எதற்கு என்று வீட்டில் எல்லோரும் குழம்பியிருக்கிறார்கள்.

முதல் வினாவுக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சக்தி திரும்பி வராது. பல்குவிய ஒட்டுவில்லை, கண் இழந்துவிட்ட ஒரு வேலையை அதற்குத் திருப்பித் தருவதில்லை. கண்ணுக்குள் செல்லும் ஒளியைப் பங்கிட்டு, அந்த இழப்பு நமக்குத் தெரியாதபடி செய்கிறது. பங்கீடு என்றால் ஒருவருக்குக் கொடுப்பது மற்றவரிடமிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கு யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது என்பதே இத்திங்கள் நம் பகுதியின் பொருள்.

கண் தூரத்தையும் கிட்டத்தையும் மாறிமாறிக் காண்பது எப்படி என்பதை ஒரு துண்டு அட்டையும் ஓர் ஊசியும் கொண்டு வீட்டிலேயே பார்க்கலாம். இயேசு சபைத் துறவியான கிறிஸ்தோபர் ஷைனர் 1619-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஓகுலுஸ்' என்னும் இலத்தீன் நூலில் இந்தச் சோதனையை விளக்கியிருக்கிறார். தலைப்பின் பொருள் 'கண்' என்பதே. அட்டையில் குண்டூசியால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கம்பக்கமாக இரு துளைகள் இடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு மிக அருகே அட்டையைப் பிடித்து, இரு துளைகளின் வழியாகவும் ஒருசேரப் பாருங்கள். தூரப் பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் அதை அணிந்துகொண்டே செய்ய வேண்டும். மற்றொரு கையில் ஒரு தையல் ஊசியை ஓர் அடி தொலைவில் செங்குத்தாகப் பிடியுங்கள். அறையின் கோடியில் உள்ள சுவரை உற்று நோக்கினால் ஊசி இரண்டாகத் தெரியும். இப்போது பார்வையை ஊசியின் மேல் நிறுத்துங்கள். இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும்.

இரு துளைகளின் வழியே வந்த ஒளிக்கதிர்கள் விழித்திரையின் மேல் ஒரே புள்ளியில் சேர்ந்தால் ஊசி ஒன்று. சேராமல் இரு புள்ளிகளில் விழுந்தால் ஊசி இரண்டு. அட்டையை எடுத்துவிட்டால் கண் பாவை முழுவதுமே எண்ணற்ற துளைகளைப் போலாகிறது. அப்போது குவியம் தவறிய ஊசி இரண்டாகத் தெரியாது. பலவாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கலாகத் தெரியும். மங்கல் என்று நாம் சொல்வது இதைத்தான். சரி, 15 வயதுப் பிள்ளையையும் 50 வயதுத் தாத்தாவையும் அருகருகே உட்காரவைத்து இதே சோதனையைச் செய்து பாருங்கள். பிள்ளை ஊசியை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தும் ஒன்றாக்கிக் காட்டும். தாத்தாவுக்கு ஓர் அடி தொலைவிலேயே ஊசி இரண்டாகிவிடும். எவ்வளவு முயன்றாலும் ஒன்று சேராது.

இரண்டை ஒன்றாக்கும் அந்த வேலைக்கு 'விழி ஏற்பமைவு' என்று பெயர். அதைச் செய்வது விழியின் முன்புறக் கண்ணாடிப் படலமா, உள்ளே இருக்கும் வில்லையா என்று நெடுங்காலம் வாதம் இருந்தது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் யங் தம் கண்ணின்மேல் நீர் நிறைந்த சிறு குழலை வைத்துப் பார்த்தார். நீரில் முன்படலத்தின் ஒளிவளைக்கும் ஆற்றல் மறைந்துவிடும். இருந்தும் தூரம், கிட்டம் என்று குவியம் மாற்ற முடிந்தது. ஆகவே உள்வில்லைதான் மாறுகிறது என்று 1801-இல் எழுதி வெளியிட்டார். 1855-இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதன் பொறியமைப்பை விளக்கினார். வில்லையைச் சுற்றி வளையமாக உள்ள சிலியரித் தசை சுருங்கும்போது, வில்லையை இழுத்துப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளர்கின்றன. தளர்ந்ததும் வில்லை தன் இயல்பால் உருண்டு தடிக்கிறது. கிட்டப் பொருள் தெளிகிறது.

அந்த வில்லை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறுகி வருகிறது. குவியம் மாற்றும் ஆற்றலை டயாப்டர் என்னும் அளவால் குறிப்பார்கள். 40 சென்டிமீட்டரில் புத்தகம் வாசிக்க இரண்டரை டயாப்டர் வேண்டும். 10 வயதில் நம்மிடம் 12-க்கும் மேல் கையிருப்பு உண்டு. 45 வயதில் மூன்று, நான்கு மிஞ்சினால் அதிகம். 60-இல் ஒன்று அளவே நிற்கும். கையிருப்பு முழுவதையும் ஒருவரால் நாள் முழுதும் செலவிட முடியாது. பாதியை ஒதுக்கி வைத்தால்தான் கண் களைக்காது. அதனால்தான் கணக்குப்படி ஆற்றல் மீதியிருக்கும்போதே நாற்பதைத் தாண்டியவர்கள் நாளிதழைத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குகிறார்கள். நம் பெரியவர்கள் இதை வெள்ளெழுத்து என்றார்கள். கரிய எழுத்து வெளுத்துத் தெரிகிறது என்பதைவிடப் பொருத்தமாக இதற்கு யாரும் பெயர் வைத்துவிட முடியாது. சாளேசுரம் என்றும் ஒரு பெயர் உண்டு. நாற்பதைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

கண்ணாடி போட்டால் கண் அதற்குப் பழகிக் கெட்டுவிடும் என்று எத்தனையோ வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். வில்லை இறுகுவது கண்ணாடியைக் கேட்டு நடப்பதில்லை. அணிந்தாலும் இறுகும், அணியாமல் தலைவலியோடு தவம் இருந்தாலும் இறுகும். கண்பயிற்சியும் கீரையும் வேறு வகையில் நல்லவையாக இருக்கலாம். இறுகிய வில்லையை அவை இளக்கித் தந்ததில்லை.

நம் ஆசிரியையின் நிலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைக்காரர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார். கிட்டப்பார்வையுடையவர் சட்டமிட்ட கண்ணாடி அணிந்தால், வாசிக்கும்போது கண் செய்ய வேண்டிய ஏற்பமைவு வேலை சற்றுக் குறைகிறது. கண்ணாடி விழியிலிருந்து சிறிது விலகி நிற்பதன் பயன் அது. அதே ஆற்றலை விழியின்மேல் ஒட்டவைத்தால் அந்தச் சலுகை போய்விடும். மேலும், கண்ணாடி அணிந்தவர் அதைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் வாசித்துவிடலாம். ஒட்டுவில்லை அணிந்தவர் வகுப்பின் நடுவே அதைக் கழற்றுவதெங்கே? ஆகவே காண்டாக்ட் லென்ஸ் அணியும் கிட்டப்பார்வையினருக்கு வெள்ளெழுத்தின் தொல்லை சிறிது முந்தியே தெரியும். அவர் கண்ணுக்குப் புதிதாக நோய் எதுவும் வந்துவிடவில்லை.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி என்பது பழைய கதை. 1306-இல் பிளாரன்ஸ் நகரில் மறையுரை ஆற்றிய தொமினிக் சபைத் துறவி ஜோர்தானோ, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை என்று வியந்து குறிப்பிட்டிருக்கிறார். மேல் பாதியில் தூரமும் கீழ்ப் பாதியில் கிட்டமும் காட்டும் இருகுவியக் கண்ணாடியைப் பற்றி 1784-ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் பிராங்கிளின் தம் கடிதங்களில் எழுதினார். விழியின்மேலேயே வைக்கும் கண்ணாடி வில்லையை 1888-இல் அடால்ஃப் ஃபிக் விளக்கினார். அணிந்தவர் பட்ட பாட்டை நினைத்தாலே கண் கலங்கும். 1961-ஆம் ஆண்டுக் கடைசியில் பிராக் நகரத்து ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் இரும்புப் பாகங்களைக் கோத்து ஒரு சிறு பொறி செய்து, தம் வீட்டிலேயே முதல் மென்வில்லைகளை வார்த்தெடுத்தார். இன்று கடையில் கிடைக்கும் மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அதன் வழித்தோன்றல்.

இனிப் பல்குவிய வில்லைக்கு வருவோம். இருகுவியக் கண்ணாடியில் நாம் தலையைத் தாழ்த்தாமல் விழியை மட்டும் கீழே இறக்கினால், கீழ்ப்பாதி வழியே பார்க்கிறோம். கண்ணாடி நிற்கிறது, கண் நகர்கிறது. மென்மையான ஒட்டுவில்லையோ கண்ணோடு சேர்ந்தே நகரும். மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்து வைத்தால் பயனில்லை. (கடின வகை வில்லைகளில் சில, கீழிமையின்மேல் தங்கி நின்று, பார்வை தாழும்போது மேலே நகரும்படி செய்யப்படுகின்றன. அவை வேறு வகை.) அதனால் மென்வில்லையில் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். நடுவில் ஒரு சிறு வட்டம் கிட்டப் பார்வைக்கு, சுற்றியுள்ள வளையம் தூரத்துக்கு, அல்லது இதற்கு நேர்மாறாக. சில வகைகளில் நடுவிலிருந்து ஓரம்வரை ஆற்றல் படிப்படியாக மாறிச் செல்லும். எப்படியிருந்தாலும் இரண்டு பகுதிகளும் கண் பாவைக்கு முன்னால் ஒரே நேரத்தில் நிற்கின்றன.

அதன் விளைவு என்ன? புத்தகத்தைப் பார்க்கும்போது கிட்டப் பகுதியின் வழியாகத் தெளிவான எழுத்தும், தூரப் பகுதியின் வழியாகக் கலங்கிய எழுத்தும் விழித்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஷைனருடைய அட்டையில் கண்ட இரட்டை ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். மூளை தெளிந்ததைப் பற்றிக்கொண்டு கலங்கியதைப் புறக்கணிக்கப் பழகுகிறது. பலருக்கு இரண்டு, மூன்று வாரங்களில் இது கைவருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. புறக்கணித்தாலும் அந்தக் கலங்கிய ஒளி எங்கும் போய்விடுவதில்லை. மெல்லிய வெண்திரைபோல் தெளிந்த உருவத்தின்மேல் படிந்து, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கிறது.

இங்கேதான் சோதனை அறை நம்மை ஏமாற்றுகிறது. சுவரில் தொங்கும் எழுத்தட்டையில் பளிச்சென்ற வெண்மையின்மேல் கரிய எழுத்து. விளக்கோ நல்ல வெளிச்சம். அந்த நிலையில் பல்குவிய வில்லை ஏறத்தாழக் கண்ணாடிக்கு இணையாகத் தேர்ச்சி பெறும். கரும்பலகையில் வெண்சுண்ணம் தெரியும். அச்சிட்ட வாசக நூல் தெரியும். ஆனால் மாணவன் பென்சிலால் மெலிதாக எழுதிய விடை, மாலை மங்கலில் பேருந்தின் பெயர்ப்பலகை, கோயில் படியின் சாம்பல் நிற விளிம்பு ஆகியவற்றில் வேறுபாடு முன்பே குறைவு. வில்லை அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. எழுத்துக்குப் பக்கத்தில் நிழலெழுத்து ஒன்று தொடர்வதாகச் சிலர் சொல்வார்கள். அது கற்பனையல்ல. வில்லை விழியின் நடுவில் சரியாக அமராமல் சற்றே விலகி நின்றால் அந்த நிழல் ஒரு பக்கமாக இழுபட்டு இன்னும் மிகும்.

மற்றொன்று, கண் பாவையின் அளவு. உச்சி வெயிலில் பாவை இரண்டு, மூன்று மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. நடுவில் கிட்டப் பகுதி அமைந்த வில்லையை அணிந்திருந்தால், அப்போது திறந்திருப்பது பெரும்பாலும் கிட்டத்துக்கான வாயில்தான். சித்திரை வெயிலில் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் நின்று, எதிரே வரும் வண்டி போளூர் வழியா, செங்கம் வழியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிவரும். இரவில் பாவை விரிகிறது. தூரத்துக்கான வளையம் திறந்துகொள்கிறது. ஆனால் இரண்டு பகுதிகளின் எல்லையும் ஓரப் பிறழ்ச்சிகளும் சேர்ந்தே உள்ளே வருகின்றன. விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவட்டம் தோன்றும்.

அவ்வூரார்க்கு இதைச் சொல்ல வேறு உவமை தேடவேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் இந்து சகோதரர்கள் ஏற்றும் பெருந்தீபத்தை நகரம் முழுவதும், சுற்றுப்புறச் சிற்றூர்களும் காண்கின்றன. இருண்ட வானம், விரிந்த பாவை, ஒற்றைச் சுடர்: பல்குவிய வில்லையின் குறைகள் அனைத்தும் தம்மைக் காட்டிக்கொள்ள இதைவிட வாய்ப்பான காட்சி இல்லை. அந்த வில்லையை அணிந்தவருக்குச் சுடரைச் சுற்றி மங்கிய வளையம் ஒன்று தெரியக்கூடும். தீபத்தைச் சுற்றி வளையம் தெரிந்தால் இடர் எதுவுமில்லை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில் வண்டியோட்டிச் செல்பவருக்கு, எதிர்வரும் முகப்பு விளக்குகளைச் சுற்றி அதே வளையம் தெரிந்தால், இருளில் நடந்துவரும் ஆள் அதில் மறைந்துவிடலாம். இரவில் வண்டியோட்டுவதே பிழைப்பாக உள்ளவர்களுக்கு இவ்வகை வில்லையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, கண்ணின் சொந்த ஏற்பமைவு இந்த வில்லைக்குள் என்ன ஆகிறது? 46 வயதில் ஆசிரியையிடம் இன்னும் சிறிது மீதியிருக்கிறது. குறைந்த கூடுதல் ஆற்றலுள்ள வில்லை, வாசிப்புக்கு வேண்டியதில் ஒரு பகுதியைத் தான் சுமந்துகொண்டு, மீதியைக் கண்ணுக்கு விட்டுவிடும். இந்த வயதில் பங்கீடு மென்மையானது. தெளிவில் ஏற்படும் இழப்பும் குறைவு. 55, 60 வயதில் கண்ணின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமற் போகிறது. வில்லையின் இரு பகுதிகளுக்கும் இடைவெளி பெருகுகிறது. நிழலும் வளையமும் அதற்கேற்ப மிகுகின்றன. ஆகையால் ஐம்பதுக்குள் பழகிக்கொள்பவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்வதும், அறுபதில் புதிதாகத் தொடங்குபவர்கள் இடையிலேயே கைவிடுவதும் இயல்பே.

வேறு வழிகளும் உண்டு. ஒரு கண்ணுக்குத் தூர வில்லை, மற்றக் கண்ணுக்குக் கிட்ட வில்லை என்று அணிவது ஒரு முறை. எழுத்துத் தெளிவாக இருக்கும். இரு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளந்தறியும் திறன் குன்றும். ஊசியில் நூல் கோப்பவர்களுக்கும், மிளகாய் நறுக்குபவர்களுக்கும், படியேறுபவர்களுக்கும் அந்தத் திறன் வேண்டும். மற்றொரு முறை மிகப் பழையது, மலிவானது. ஒளித்தரத்தில் எல்லாவற்றையும் வென்றதும் அதுவே. பழைய தூர வில்லையை அப்படியே அணிந்துகொண்டு, விடைத்தாள் திருத்த உட்காரும்போது மட்டும் அதன்மேல் ஒரு வாசிப்புக் கண்ணாடி. கட்டுக்கட்டாகத் தாள் திருத்தும் நாளுக்கு நம் ஆசிரியைக்கு என் பரிந்துரை இதுதான். கரும்பலகை, வருகைப்பதிவேடு, பிள்ளையின் குறிப்பேடு என்று கண் நொடிக்கொரு தரம் மாறும் வகுப்பறைக்குப் பல்குவிய வில்லை அவருக்கு உண்மையிலேயே துணைசெய்யலாம். ஒன்றிருந்தால் மற்றது கூடாது என்பதில்லை.

இவ்விடத்தில் சற்றே விலகிச் செல்ல இசைவு வேண்டுகிறேன். அதே மாவட்டத்தில் ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. வந்தவாசியில் கோரைப்பாய் நெய்பவர்கள் இருக்கிறார்கள். கோயிலைச் சுற்றிப் பூத்தொடுத்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கும் நாற்பது வயது வருகிறது. மயிரினும் மெல்லிய பட்டிழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சிட வேண்டிய கண்ணுக்கு, ஆசிரியையின் கண்ணைவிடத் தேவை குறைவா? எழுத்தறியாதவருக்கு வாசிப்புக் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மீதிப்பேருக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி பெற்றவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலை சுமார் 25 கிலோவிலிருந்து ஏறத்தாழ 35 கிலோவாக உயர்ந்தது. மற்றக் குழுவினரின் அளவும் பருவத்தால் சிறிது கூடியது; அதைக் கழித்துப் பார்த்தாலும் கண்ணாடியால் வந்த உயர்வு 21 விழுக்காட்டுக்கு மேல். தேயிலை பறிக்க ஓர் எழுத்தும் வாசிக்க வேண்டியதில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். உலகில் 82 கோடிக்கு மேற்பட்டோர் எளிய வாசிப்புக் கண்ணாடிகூட இல்லாமல் கிட்டப் பார்வை குன்றியிருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பல்குவிய வில்லையின் நுட்பங்களைப் பேசும்போது இந்த எண் என் மனத்தை விட்டு அகல்வதில்லை.

நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. வாசிப்புக் கண்ணாடி வழக்கமாக 33 முதல் 40 சென்டிமீட்டர் தொலைவுக்குக் கணக்கிடப்படுகிறது. தறியில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கும் துணிக்கும் இடையே அதைவிடக் கூடுதல் தொலைவு இருக்கலாம். வலுவான கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் அவர் முதுகை வளைத்துத் துணியின்மேல் கவிழ வேண்டியிருக்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றி மாடத்தில் வைத்துவிடுவார். தறியில் இயல்பாக உட்கார்ந்து, கண்ணிலிருந்து துணிவரை அளவுநாடாவால் அளந்து, அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு பரிசோதனைக்குச் செல்லுங்கள். திருவிழாக் கடையில் வாங்கும் ஆயத்தக் கண்ணாடி அவசரத்துக்கு உதவும்; கண்ணைக் கெடுத்துவிடாது. ஆனால் கண் நீரழுத்த நோயும், நீரிழிவால் விழித்திரைக்கு வரும் கேடும் அடிசத்தமின்றி நுழைவது இதே வயதில்தான். ஆயத்தக் கண்ணாடியோடு நின்றுவிட்டால் அவற்றைக் காணாமலே விட்டுவிடுவோம். அரசு மருத்துவமனையிலோ, 1902-இல் மேரி டேபர் ஷெல் பெயரில் தொடங்கி இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவாக விளங்கும் மருத்துவமனையிலோ, புதுச்சேரியில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ முழுப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்வது நலம்.

இரண்டாம் வினா. 9 வயதுச் சிறுவனின் உள்வில்லை மிக நன்றாகவே வேலை செய்கிறது. அவனுக்கு வெள்ளெழுத்து இல்லை. அவனுக்குப் பரிந்துரைத்தது கிட்டப்பார்வை மேலும் மேலும் ஏறுவதைத் தாமதப்படுத்துவதற்காக. அவன் அணியும் வில்லையின் நடுப்பகுதி தூரத்துக்கு. சுற்றியுள்ள வளையத்தில் கூடுதல் ஆற்றல். அமெரிக்காவில் 7 முதல் 11 வயதுவரையுள்ள 294 பிள்ளைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. சாதாரண ஒட்டுவில்லை அணிந்த பிள்ளைகளுக்குப் பார்வை சராசரி 1.05 டயாப்டர் ஏறியது. வளையத்தில் மிகுந்த ஆற்றலுள்ள வில்லை அணிந்தவர்களுக்கு 0.60 ஏறியது. குறைந்தது, நிற்கவில்லை. நடுத்தர ஆற்றலுள்ள வில்லையால் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எந்த ஆற்றல் என்று மருத்துவரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இந்த வில்லையை அணிந்த பிள்ளைகளில் சிலர் வாசிக்கும்போது வளையத்தின் ஆற்றலின்மேல் சாய்ந்துகொண்டு, தம் உள்வில்லையை வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே குவிக்கிறார்கள் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே தூரப் பார்வையை மட்டும் சோதித்து அனுப்பிவிடாமல், கிட்டத்தில் அவன் எப்படிக் குவிக்கிறான் என்பதையும் இடையிடையே பார்க்கச் சொல்லுங்கள். வில்லையைத் தவிர, மிக நீர்த்த அட்ரோபின் சொட்டுமருந்தும், இதற்கெனச் செய்த கண்ணாடிகளும் மருத்துவர் கையில் உள்ளன. செலவில்லாத ஒன்றும் உண்டு. சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்றாண்டில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அப்பள்ளிகளில் 30 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39 விழுக்காட்டுக்கு மேல் என்று 2015-இல் எழுதினார்கள். தங்கை மகனுக்குக் கிட்டப்பார்வை ஏற்கெனவே வந்துவிட்டது. அவனுடைய தம்பி தங்கையருக்கு இது உதவக்கூடும். மாலையில் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் முன்பு தெருவில் விளையாட விடுங்கள்.

ஒட்டுவில்லை எதுவானாலும் தூய்மைதான் முதல் நிபந்தனை. கிணற்று நீர், ஆழ்குழாய் நீர், குழாய் நீர் எதுவும் வில்லையில் படக்கூடாது. அந்நீரில் வாழும் அமீபா ஒருவகை விழியின் முன்படலத்தைத் துளைத்துப் புண்ணாக்கும். அணிந்தபடி உறங்குவதோ குளிப்பதோ கூடாது. எண்ணெய்க் குளியல் நாளில் வில்லைக்கு ஓய்வு கொடுங்கள். மிளகாய் கிள்ளிய கையைச் சோப்பிட்டுக் கழுவினாலும் காரம் எளிதில் போகாது. ஆகவே காலையில் சமையலுக்கு முன்பே வில்லையை அணிந்துவிடுவது வசதி. நாற்பதுக்கு மேல், பெண்களுக்குச் சிறப்பாக, கண்ணில் நீர்ப்பசை குறையும். பிற்பகலில் உறுத்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கழற்றிவிடலாம். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுமருந்து ஆகிய மூன்றும் வேண்டாம்.

ஆசிரியைக்குக் கடைசியாக ஒன்று. பணம் கட்டுமுன் சோதனை வில்லைகளைக் கேட்டுப் பெறுங்கள். கடை நாற்காலியில் அமர்ந்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது பத்து நாள் அணிந்து, நண்பகலில் பேருந்து நிலையத்திலும், மாலை மங்கலில் ஆலயப் படியிலும், இரவில் வீட்டு விளக்கொளியில் பென்சில் எழுத்தைக் கொண்டும் பாருங்கள். எங்கே தடுமாறியது என்று குறித்துவைத்துச் சொன்னால், நடுவில் கிட்டம் உள்ள வகையைத் தூரம் உள்ளதாக மாற்றியோ, ஒரு கண்ணுக்கு மட்டும் ஆற்றலைக் குறைத்தோ அவர்களால் திருத்தித் தர முடியும். திருத்தியும் சரிவரவில்லையானால் பழைய வில்லையும் 40 சென்டிமீட்டருக்கான வாசிப்புக் கண்ணாடியும் இருக்கவே இருக்கின்றன. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள்ளேயே பொருத்தும் பல்குவிய வில்லையைப் பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்கு விடை அடுத்த இதழில்.